நூற்று நாற்பது கிழங்கும் ஒரு மூஞ்சியும்

ஏப்ரல் 6, ஞாயிறு

இதனால் பெட்லோ கிராமத்துச் சகல ஜனங்களுக்கும், அவர்தம் கோழி, வாத்து, நாய்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: பார்டோ குடும்பத்து ஆமையார் இன்று காலை எட்டே முக்கால் மணிக்குத் தமது ஐந்து மாத உறக்கத்திலிருந்து கண் விழித்தருளினார். கீரை இலை ஒன்றை முகர்ந்தார். பிடிக்கவில்லை. மறுபடி தூங்கப் போய்விட்டார். ஊரில் வேறு செய்தி இல்லை.

எனக்குள் மட்டும் ஒரு செய்தி இருக்கிறது. ஆறு மாதமாக மூடி வைத்திருக்கிறேன். இனி மூடி தாங்காது.

போன செப்டம்பரில் எங்கள் வகுப்பைப் பெட்லோ காட்டுக்கு அழைத்துப் போனார்கள். காட்டைச் சுற்றிக் காட்டியவள் என் அக்கா ஹெஸ்டர். காட்டு அறக்கட்டளையில் ஒரு வருட ஒப்பந்தத்தில் உதவிக் காவலர் வேலை. முள்ளெலியைப் பற்றிப் பேச வந்தவள், முள்ளெலியோடு நிறுத்தவில்லை. "எங்க டோபி பதினோரு வயசு வரைக்கும் பொம்மை முள்ளெலியக் கட்டிப்பிடிச்சுதான் தூங்குவான். அதுக்குப் பேரு கர்னல்" என்று முப்பது பேர் முன்னால் சொன்னாள். இன்றுவரை பள்ளிக்கூடத்தில் எனக்கு சல்யூட் அடிக்கிறார்கள்.

அதற்குப் பதிலடிதான் இது. பக்கத்து வீட்டு மிஸ்டர் காப் தன் தோட்டத்திலிருந்து பிடுங்கிய பூக்கிழங்குகளை ஒரு சாக்கில் கட்டி, குப்பை என்று எழுதி, வாசலில் வைத்திருந்தார். வசந்தத்தில் எங்கள் காடு முழுக்க மணி மணியாகப் பூக்குமே நீலமணிப் பூ, அதே ஜாதிதான், ஆனால் இது இளஞ்சிவப்பாகப் பூக்கும். எண்ணினேன், நூற்று நாற்பது. அக்டோபர் விடுமுறையில், மூடுபனி கொட்டிய ஒரு சாயங்காலம், காட்டின் நட்டநடுவில் ஒரு வெட்டவெளியில் அத்தனையையும் நட்டேன். வரிசையாக இல்லை. ஒரு மூஞ்சி வடிவில்: இரண்டு கண், ஒரு இளிப்பு, அதிலிருந்து நீட்டிய நாக்கு.

மே நான்காம் தேதி நீலமணி ஞாயிறு. காட்டைப் பார்க்க ஊரே வரும், பக்கத்து ஊரும் வரும். நீலக் கம்பளத்தின் நடுவே இளஞ்சிவப்பு மூஞ்சி ஒன்று ஹெஸ்டரைப் பார்த்து நாக்கை நீட்டும்!

யாரும் பார்க்கவில்லை. பேய் மாதிரி போனேன், பேய் மாதிரி வந்தேன். அந்தக் காடு எனக்கு உள்ளங்கை. கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன்.

ஏப்ரல் 12, சனி

கிழங்கு நட்டவனுக்குத்தான் தெரியும் காத்திருப்பதன் அருமை. எல்லா இடத்திலும் இலை வந்துவிட்டது. எல்லாமே பச்சை. எது என் பச்சை?

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்றைய இரவுச் சாப்பாட்டில் நான் உருளைக்கிழங்கை மெல்லுவதை நடுவில் நிறுத்தினேன். சரித்திரத்தில் முதல் முறை என்றாள் அம்மா.

ஹெஸ்டர்தான் காரணம். மே ஆறாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து மிஸ் ஹார்டிங் என்ற அம்மாள் காட்டைப் பார்வையிட வருகிறாராம். கலப்படமே இல்லாத சொந்த மண்ணின் நீலமணிக் காடு என்ற பட்டியலில் பெட்லோ நீடித்தால் அடுத்த வருடமும் இங்கே ஒரு உதவிக் காவலர் உண்டு. பட்டியலிலிருந்து விழுந்தால் ஹெஸ்டரின் வேலையும் ஜூனோடு விழும்.

"கலப்படம்னா?" என்று கேட்டேன், சும்மா கேட்பவன் மாதிரி.

"ஸ்பெயின் ஜாதி நீலமணிடா. தோட்டத்துல அழகுக்கு வைப்பாங்களே, அது. காட்டுக்குள்ள நுழைஞ்சா நம்ம பூவோட கலந்துடும். அப்புறம் எது நம்மது, எது கலப்புன்னு கடவுளுக்கே தெரியாது."

"அது... இளஞ்சிவப்பா கூட இருக்குமா?"

"அதான் முக்காவாசி. பக்கத்து வீட்டுக் காப் மூணு வருஷமா அதோடதான மல்லுக்கட்டுறார். ஏன் கேக்குற?"

"பொது அறிவு" என்றேன்.

"உனக்கா?" என்றாள் ஹெஸ்டர்.

எனக்கும் தெரியவில்லை. எனக்கு இப்போது எதுவுமே தெரியவில்லை. ஒரு மூஞ்சி வரைந்தேன், அவ்வளவுதானே? அது ஒரு ஆளின் வேலையைத் தின்னுமா? நாக்கைத்தானே நீட்டச் சொன்னேன், பல்லை யார் வைத்தார்கள்?

ஏப்ரல் 17, வியாழன்

அறிவியல் மேதை டோபி பார்டோ களத்தில் இறங்கினார்.

பூக்கும் முன்னால் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? புத்தகத்தில் பார்த்தேன். நம்முடையது ஒல்லி இலை, ஸ்பெயின்காரி அகல இலை. இவ்வளவுதானே! கொத்தும் வாளியும் எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கே போய்விட்டேன்.

அங்கேதான் முதல் அடி. அக்டோபரில் நான் வைத்த அடையாளம் மூன்று பெரிய ஹேசல் புதர். அந்த மூன்றுக்கும் நடுவில்தான் வெட்டவெளி. இப்போது அங்கே புதரே இல்லை! குளிர்காலத்தில் அறக்கட்டளைத் தொண்டர்கள் வந்து, வழக்கம்போல ஒரு பகுதி ஹேசலை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வெட்டினால்தான் புதிதாகத் துளிர்க்குமாம், வெளிச்சம் கீழே இறங்கினால்தான் பூ வருமாம். இப்போது காடு முழுக்க வெட்டவெளி. எங்கே பார்த்தாலும் மூன்று கட்டை. மூன்று மூன்றாக முப்பது இடம்.

அசரவில்லை. அகல இலையாகப் பார்த்துப் பார்த்துத் தோண்டினேன். இலை அகலமா, என் கண் அகலமா என்று இடையிடையே சந்தேகம் வந்ததும் உண்மை. நாற்பத்து மூன்று கிழங்கு. மீதி தொண்ணூற்று ஏழை எலி தின்றிருக்கும். எலி வாழ்க.

வாளியைக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஹெஸ்டரின் வேலையைக் காப்பாற்றியாயிற்று. நன்றி சொல்லத் தேவையில்லை, ஹெஸ்டர். வீரர்கள் விளம்பரம் தேடுவதில்லை.

ஏப்ரல் 19, சனி

காட்டில் திருட்டாம்.

ஹெஸ்டர் மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது முழங்கால் வரை சேறு. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள்.

"யாரோ நீலமணிக் கிழங்கத் தோண்டிட்டுப் போயிருக்காங்கம்மா. நாப்பது குழிக்கு மேல இருக்கு. வித்துக் காசாக்குற கும்பலாத்தான் இருக்கும்."

"போலீசுக்குச் சொன்னியா?"

"சொல்லிட்டேன். சட்டப்படி குத்தம்மா இது. விதையிலேருந்து ஒரு பூ வர அஞ்சு வருஷம் ஆகும். அந்தச் சரிவுல இருக்கிறதெல்லாம் எத்தனை வருஷத்துக் கூட்டமோ! எந்த மிருகம் இப்படிப் பண்ணும்?"

மிருகம் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தது.

அவள் அழுதாளா? தலையிலிருந்தும் மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் இருக்கலாம்.

நான் எடுத்தது ஸ்பெயின்காரிகளைத்தானே? திருட்டில்லையே, களையெடுப்புதானே? சொல்லிவிடலாமா? சொன்னால் நட்டதையும் சொல்ல வேண்டும். நட்டதைச் சொன்னால் கலப்படம் என்று எழுதுவார்கள். எழுதினால் வேலை போகும். சொல்லாவிட்டால் திருட்டு. திருட்டென்றாலும் மிஸ் ஹார்டிங் குழியைப் பார்ப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் குழி. அதிலும் எல்லாம் நான் தோண்டியது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

சாக்லேட் முட்டை ஆறு. ருசியே இல்லை. ஆறையும் தின்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

கொட்டகைக்குப் பின்னால் போனேன். வாளியில் ஒன்று பூத்துவிட்டது.

நீலம்.

தண்டு ஒரு பக்கமாகத் தலை குனிந்திருக்கிறது, தப்பு செய்த பிள்ளை மாதிரி. புத்தகத்தில் உள்ள அடையாளம் எல்லாம் பொருந்துகிறது: சாய்வு சரி, குறுகிய மணி சரி. வாசனை? எனக்கு இரண்டு நாளாக மூக்கு அடைப்பு. வாளியை அம்மாவின் மூக்கருகே கொண்டு போனேன்.

"அடடா, காட்டு வாசனை! எங்கேருந்துடா?"

"காத்துல வந்துச்சு" என்று ஓடிவிட்டேன்.

ஸ்பெயின்காரிக்கு வாசனை கிடையாது. அப்படியானால் இது நம்முடையது. நாற்பத்து மூன்றும் நம்முடையதா? அப்போது என்னுடையது எங்கே? நான் நட்டதைக் காணோம், நடாததைப் பிடுங்கியிருக்கிறேன். தலை சுற்றுகிறது. காடு நகருமா? நகராது என்றுதான் இவ்வளவு நாள் நம்பினேன்.

ஏப்ரல் 26, சனி

காட்டுக்குக் காவல் போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு மணி நேரம், மஞ்சள் மேலங்கி, கழுத்தில் விசில். ஆள் போதவில்லையாம்.

"டேய், ஒரு நாளாவது உருப்படியா ஒரு வேலை செய்யேன். காலைல எட்டுலேருந்து பத்து வரை நீ பாரு" என்றாள் ஹெஸ்டர். விசிலை அவளே என் கழுத்தில் மாட்டிவிட்டாள். "சந்தேகமா யாரப் பாத்தாலும் ஊது."

எட்டு மணிக்கு நானே என்னைப் பார்த்து ஊத வேண்டியது. பாலுக்குப் பூனை காவல் என்பார்களே, அந்தப் பூனைக்கும் கொஞ்சம் வெட்கம் இருந்திருக்கும் என்று இன்றுதான் தோன்றியது.

வாளியைக் கொண்டுபோய், குழிகளைத் தேடித்தேடி நாற்பத்து மூன்றையும் திரும்ப நட்டேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஐஸ் குச்சி சொருகினேன். என் அடையாளத்தை நானே நம்புவதை நிறுத்திவிட்டேன். கூடத் திரிந்த ராபின் குருவிக்குப் புழு நிறையக் கிடைத்தது. அது ஒன்றுக்குத்தான் இன்றைக்கு லாபம்.

மே 1, வியாழன்

காடு பூத்துவிட்டது.

கேலியாக ஏதாவது எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். வரவில்லை. பெரிய மரங்களில் இலை இன்னும் முழுதாக விரியவில்லை. அதன் வழியே வெயில் கீழே வரை வருகிறது. தரை தெரியவில்லை. மரங்களெல்லாம் நீலத் தண்ணீரில் முழங்கால் அளவு நிற்கிற மாதிரி இருந்தது. வருடா வருடம் வாயில் கேக்கோடு பார்த்த காடுதான். எண்ணிக்கொண்டு பார்த்தது இதுதான் முதல் தடவை.

ஏனென்றால் இளஞ்சிவப்பைத் தேடினேன். மூன்று மணி நேரம், ஓடையிலிருந்து மேட்டு வேலி வரை. ஒரு பூ இல்லை. நூற்று நாற்பதும் எங்கே? எலி இவ்வளவு பசியாகவா இருந்தது? அல்லது நான் நடவே இல்லையா, கனவா? கனவென்றால் நகத்தில் ஒரு வாரம் இருந்த மண் யாருடையது?

நட்ட குச்சிகளில் பாதிக்குப் பக்கத்தில் பூத் தண்டு படுத்துக் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றினேன்.

மே 4, நீலமணி ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

காலை பத்து மணி. ஊர் மண்டபத்தில் அம்மா ஸ்கோன் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். கார்கள் நிறுத்த வழக்கம்போல மிஸ்டர் காப் தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்வெளியைத் திறந்துவிட்டார். அது குளிர்காலம் முழுக்கப் பூட்டியே கிடக்கும்; நடுவில் மேடு, சுற்றிலும் உயரமான ஹேசல் வேலி, அந்தப் பக்கம் காடு. கார்களுக்கு வழிகாட்ட என்னையும் ஹெஸ்டரையும் கூப்பிட்டிருந்தார்.

முதல் கார் மேட்டைச் சுற்றிக்கொண்டு போய் நின்றது. ஓட்டி வந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி, "இந்தப் பூ மேல நிறுத்தலாமா?" என்று கேட்டாள்.

போய்ப் பார்த்தோம். மேட்டின் மறுபக்கச் சரிவில், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், பச்சைப் புல்லில் பளிச்சென்று இளஞ்சிவப்பில் ஒரு மூஞ்சி. காரின் முன்சக்கரம் இடது கண்ணில். நாக்கு நேராக மிஸ்டர் காப்பின் சமையலறை ஜன்னல் இருக்கும் திசையில் நீண்டிருந்தது.

மிஸ்டர் காப் தொப்பியைக் கழற்றினார். சாவு வீட்டில் கழற்றுவது மாதிரி.

"மூணு வருஷம்" என்றார் மெல்ல. "மூணு வருஷமா முதுகு ஒடியத் தோண்டி எறிஞ்சேன் இந்தச் சனியன. திரும்பி வந்திருக்கு. அதுவும் என் நிலத்துக்கே! என்னப் பாத்தே நாக்க நீட்டிக்கிட்டு!"

ஹெஸ்டர் மூஞ்சியைப் பார்த்தாள். இடது கண் வலது கண்ணைவிடப் பெரிது. அவள் பிறந்தநாள் அட்டைகளில், தூசி படிந்த வேன் கண்ணாடியில், பிளாஸ்டர் போட்ட அவள் காலில் எல்லாம் நான் வரைகிற அதே மூஞ்சி. பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது எங்க நட்டதா நெனச்சடா நீ?"

வாய் தானாகத் திறந்தது. "காட்டுக்குள்ள."

அவள் முகத்தில் ஒவ்வொன்றாகச் சேர்வதைப் பார்த்தேன். சாப்பாட்டு மேசைக் கேள்வி. இளஞ்சிவப்பு. குழி.

"அப்ப அந்தக் குழியெல்லாம்..."

"நான்தான். எடுத்துடலாம்னு நெனச்சேன், ஹெஸ்டர். உன் வேலை போயிடும்னு... திரும்ப நட்டுட்டேன். எல்லாத்தையும். குச்சி வெச்சிருக்கேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கார்க்காரியிடம் திரும்பி, "கொஞ்சம் பின்னாடி எடுங்க மேடம், கண்ணுல நிக்குது" என்றாள். அப்புறம் காட்டுப் பக்கம் நடந்துவிட்டாள். நாள் முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் பூவைக் காட்டினாள், சிரித்தாள், என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

மே 5, திங்கள்

நானும் ஹெஸ்டரும் மூஞ்சியைத் தோண்டி எடுத்தோம். மிஸ்டர் காப் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினார். நூற்று முப்பத்தொன்பது.

"இன்னொண்ணு எங்கடா, பார்டோ பயலே?"

சத்தியமாக எனக்குத் தெரியாது. அந்தக் கவலையில் அவருக்குத் தூக்கம் வராது என்றார். எனக்கும்தான்.

சாயங்காலம் ஹெஸ்டர் போலீசுக்குப் போன் செய்து, கும்பல் எதுவும் இல்லை, தன் தம்பிதான் என்று சொன்னாள். அதிகாரி ஒருவர் வந்து சமையலறையில் என்னை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ராத்திரி அறிக்கை எழுதினாள். அம்மா கெஞ்சினாள்: "அடையாளம் தெரியாத ஆளுன்னு எழுதினா போதாதா? தம்பிதான்னு தெரிஞ்சா உனக்குத்தான கெட்ட பேரு?"

"பொய் எழுத எனக்கு வராதும்மா. அது இவன் டிபார்ட்மெண்ட்."

மே 6, செவ்வாய்

மிஸ் ஹார்டிங் உயரம். மேலே போகப்போகச் சிரிப்பு குறைகிற மாதிரி ஒரு உயரம். ஐந்து நிமிட மன்னிப்பு உரை தயார் செய்து வைத்திருந்தேன், நடுவில் இரண்டு நகைச்சுவையோடு. முதல் வரியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"இடத்தைக் காட்டு."

காட்டினேன். குச்சி குச்சியாக மண்டியிட்டுப் பார்த்தார். இருபத்தொன்பது நிமிர்ந்திருந்தன. மற்றவை படுத்துவிட்டன. படுத்ததெல்லாம் செத்ததா, அடுத்த வருடம் எழுமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

"அடுத்த மே மாசம் யார் வந்து எண்ணுவா?" என்று கேட்டார்.

ஹெஸ்டர் குனிந்து, சாய்ந்திருந்த ஒரு குச்சியை நிமிர்த்தினாள். அடுத்த மே மாதம் அவள் இங்கே இருப்பாளா என்பதுதானே கேள்வியே.

"நான் எண்றேன்" என்றேன். என் குரல்தான், ஆனால் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மிஸ் ஹார்டிங் ஏதோ குறித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா? தலைகீழாகப் படிக்க முயன்றேன். கையெழுத்து மருத்துவர் கையெழுத்து.

மே 23, வெள்ளி

கடிதம் வரவில்லை. ஹெஸ்டர் என்னோடு பேசுகிறாள்: "உப்பு", "நகரு", "கதவ மூடு". மூன்று வார்த்தை. எண்ணிக்கை கூடுகிறது.

ஜூன் 14, சனி

பூவெல்லாம் போய்விட்டது. பிரேக்கன் பெரணி இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. ஹெஸ்டர் சொன்ன இடங்களில் சனிக்கிழமைதோறும் அதைக் குச்சியால் அடித்து ஒடிப்பதுதான் எனக்குத் தண்டனை. ஐந்தாவது சனிக்கிழமை இன்று. உள்ளங்கையில் கொப்புளம்.

மத்தியானம் அவள் அங்கேயே வந்து, பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினாள். பெட்லோ பட்டியலில் நீடிக்கிறது. ஹெஸ்டருக்கு இன்னும் ஒரு வருடம். கூடவே அறிக்கையின் நகல். சேதம் என்ற இடத்தில் அவள் கையெழுத்தில் ஒரே வரி: 'நாற்பத்து மூன்று கிழங்கு, காரணம், என் தம்பி.' அதற்குக் கீழே மிஸ் ஹார்டிங் எழுதியிருந்ததை ஹெஸ்டர் படித்துக் காட்ட வேண்டியிருந்தது: 'அடுத்த மே மாதம் எண்ணுபவரும் அவரே.'

"ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு இன்னும் புரியல" என்றாள். "காட்டுக்கும் காப் புல்வெளிக்கும் நடுவுல அவ்ளோ பெரிய வேலி. அதத் தாண்டி அந்தப் பக்கம் வந்தது கூடவா தெரியல? உள்ளங்கை மாதிரி தெரியும்பியே?"

"பனி" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இங்கே நிறுத்த முடியவில்லை. ஏப்ரல் ஆறாம் தேதி இதே நோட்டில் எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். பேய் மாதிரி போனேனாம், பேய் மாதிரி வந்தேனாம். யாரும் பார்க்கவில்லையாம்.

நடந்தது இது. காட்டுக்குள் நுழைந்த பத்தாவது நிமிடமே வழி தவறிவிட்டது. வேலியில் இருந்த ஓட்டையைப் புதர்களுக்கு நடுவே உள்ள வழி என்று நினைத்துத்தான் நுழைந்தேன். நட்டு முடித்துத் திரும்பியபோது எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரி. ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ சுற்றினேன். கொஞ்சம் அழுதேன். சரி, நிறைய. கர்னலின் பெயரைக்கூட ஒரு தடவை கூப்பிட்டேன். கடைசியில் பனிக்குள் ஏதோ ஒரு ஊரின் ஒரு வீட்டுக் கொல்லை தெரிந்தது. கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முதுகும் தெரிந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டேன்:

"மேடம், பெட்லோவுக்கு எப்படிப் போகணும்?"

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"ரொம்ப தூரம்டா" என்றாள். "பூட்ஸக் கழட்டிட்டு உள்ள வா, சூப் ஆறுது."